பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: கோளாறைப் பிடித்தால் பிறந்த ஆண்டும் கிடைக்கும்

தைப்பூசம் முடிந்த வாரம். பினாங்கில் கிட்டார் பழுதுபார்க்கும் என்னிடம் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி, தலையணை உறைக்குள் எதையோ செருகி எடுத்துக்கொண்டு வந்தார். உறையை உருவினால் சிவப்பு கிட்டார். தாத்தா அறுபதுகளில் வாசித்ததாம். தலையில் பெயர் இல்லை, பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம். ஆறு தந்திக்கு நான்கு இருந்தது.

“சத்தமே வரலை அங்கிள். செஞ்சா ஓடுமா? வித்தா எவ்வளவு வரும்?”

இந்த இரண்டு கேள்விகளையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பழைய கிட்டாரின் வயதைச் சொல்லும் எழுத்து, வெளியே பளபளக்கும் பெயரில் இருப்பது குறைவு. வால்யூம் திருகியின் முதுகில், நெக் எனும் கழுத்தின் அடிக்கட்டையில், தந்தியின் ஆட்டத்தைச் சமிக்ஞையாக்கும் பிக்கப்பின் வயிற்றில் இருக்கும். கோளாறு பார்க்கத் திறக்கும் இடங்களும் இவையேதான். திறக்கிறவர் கவனிக்காமல் துடைத்துவிட்டால் அடுத்தவருக்கு அந்த எழுத்து கிடைக்காது. ஆகவே கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் கீழ், சரிசெய்யும் வழியோடு அங்கே என்ன படிக்கக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்குரூ கழற்றுமுன்

கைப்பேசியை எடுத்து முன், பின், தலை, நெக் தகடு எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். உள்ளே திறந்ததும் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் மறுபடியும் ஒரு படம். ஸ்குரூக்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வையுங்கள். ஜப்பான் கிட்டாரின் கூட்டல் குறி ஸ்குரூவுக்குப் பள்ளத்தின் வடிவம் சற்று வேறு. சாதாரண டிரைவரை அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையை நக்கிவிடும். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஒரு மல்டிமீட்டர், 40 வாட் ஈயக்கோல், 60/40 ஈயம், கான்டாக்ட் கிளீனர் போதும். மல்டிமீட்டர் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை.

தந்தியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது

உடனே நிறுத்துங்கள். இது கிட்டாரின் கோளாறே இல்லை.

பேட்டரி வைத்த வகை தவிர, பழைய கிட்டாருக்குள் மின்சாரம் கிடையாது. காந்தத்தைச் சுற்றிய மெல்லிய கம்பிக்கு மேல் தந்தி ஆடும்போது பிறக்கும் சின்ன சமிக்ஞைதான் கேபிள் வழியே போகிறது. ஆனால் பிரிட்ஜிலிருந்து (உடலில் தந்தி உட்காரும் தாங்கி) ஒரு கம்பி ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) எர்த் முனைக்குப் போகும். அதனால் தந்தியும் ஆம்ப் எனும் ஒலிபெருக்கியின் இரும்புப் பெட்டியும் மின்கணக்கில் ஒன்றுதான். பெட்டியில் கசிவு இருந்தால் அது நேராக உங்கள் விரலுக்கு வரும்.

அறுபதுகளின் ஆம்ப்புகளில் பல இரண்டு முள் பிளக்கோடு வந்தவை. ஜப்பானுக்கானது 100 வோல்ட், அமெரிக்காவுக்கானது 117 வோல்ட். அதை நம் ஊர் மூன்று முள் பிளக்கில் எர்த் இல்லாமலே ஒட்டுப்போட்டு, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்து ஓட்டியிருப்பார்கள். பழைய அமெரிக்க ஆம்ப்புகளில் மின்கம்பிக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும்; அது பழுதாகி ஷார்ட் ஆனால் பெட்டி முழுவதும் உயிர்மின்சாரம். வால்வு ஆம்பை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தேங்கி நிற்கும்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தல்களில் ஜெனரேட்டரில் வாசித்தவர்களுக்கு இது தெரியும். கை தந்தியில், உதடு மைக்கில் பட்டதும் முகம் சுளிக்கும். வாசிக்குமுன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை மைக்கின் வலைத் தலையிலும் வையுங்கள். பத்து இருபது வோல்ட் காட்டினாலே எர்த்தைச் சரிசெய்யாமல் தொட வேண்டாம். சிலர் கிட்டாருக்குள் இருக்கும் பிரிட்ஜ் கம்பியை வெட்டிவிட்டு “சரியாகிவிட்டது” என்பார்கள். ஆம்பில் கசிவு அப்படியேதான் இருக்கும்.

சத்தமே இல்லை

கேபிளை மாற்றிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கு வருகிறவற்றில் கணிசமானவை அங்கேயே முடிகின்றன.

கேபிள் நல்லது என்றால் கிட்டாரைத் திறக்காமலே வயிற்றுக்குள் பார்க்கலாம். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறு முனை பிளக்கின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். வால்யூம், டோன் எல்லாம் முழுவதும் திறந்திருக்கட்டும். வரும் எண்ணைப் படிப்பது இப்படி.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் அளவில் வரும். கிப்சன் வகை இரட்டைச் சுருள் ஹம்பக்கர் 7 முதல் 8.5 வரை. இந்த அளவில் எண் வந்தால் பிக்கப் உயிரோடு இருக்கிறது. 250 அல்லது 500 கிலோ ஓமை ஒட்டி வந்தால் நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டை (திருகியின் அடியில் இருக்கும் மின்தடை) மட்டும்தான், பிக்கப் சுருள் அறுந்திருக்கலாம். முடிவிலி காட்டினால் ஜாக்கிலோ அதற்கு வரும் கம்பியிலோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட், அல்லது வால்யூமைத் திறக்க மறந்துவிட்டீர்கள். (நானும் மறந்திருக்கிறேன்.) பிக்கப் ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து இதையே திரும்பச் செய்தால் எந்த பிக்கப் இறந்தது என்பதும் தெரிந்துவிடும்.

தம்பியின் கிட்டார் முடிவிலி காட்டியது. ஜாக்கில் ஈயம் விட்டிருந்தது. ஒட்டியபின் ஒரு பிக்கப் எண் காட்டியது, மற்றது காட்டவில்லை. அதில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் வெள்ளை நிறத்தில் விளக்குச் சுவிட்ச் போன்ற ஒரு சாய்வு ஸ்விட்ச் இருந்தது. அந்தக் கால ஜப்பான் கிட்டார்களின் கையெழுத்து அது. உள்ளே செம்புத் தகடு கறுத்து இணைப்பைத் தடுக்கும். கிளீனர் ஒரு சொட்டு விட்டு முப்பது முறை தட்டினேன். இரண்டாவது பிக்கப்பும் எழுந்தது. பிக்கப் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லுமுன் ஸ்விட்சைக் கேளுங்கள்.

உண்மையாகவே சுருள் அறுந்திருந்தால்? பெரும்பாலும் பயன்படும் 42 கேஜ் கம்பி தடிமனில் சுமார் 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. வியர்வை உப்பும் கடற்காற்றும் சேர்ந்தால் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறி அறுக்கும். அறுவது பெரும்பாலும் கம்பியின் இரு முனைகளில், வெளிக்கம்பியோடு சேரும் இடத்தில். வெளி முனை என்றால் ஒரு சுற்றுப் பிரித்து மறுபடி ஈயம் வைக்கலாம். உள் முனை அறுந்தால் முழுதும் சுற்ற வேண்டும், அதைப் பழகியவரிடம் கொடுங்கள்.

இப்போது படிக்கும் வேலை. வால்யூம், டோன் பாட்களின் முதுகைத் துணியால் தேய்க்காமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார் என்றால் ஆறு அல்லது ஏழு இலக்கம் குத்தியிருக்கும். 1376612 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ் நிறுவனம், 66 என்பது 1966, 12 என்பது அந்த ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். 304 என்றால் ஸ்டேக்போல், 134 என்றால் சென்ட்ரலாப். இது பாட்டின் பிறந்தநாள்தான், கிட்டாருடையது இல்லை. கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும். அதுவும் பாட் மாற்றப்படாமல் இருந்தால்.

மாற்றியிருக்கிறதா என்று ஈயம் சொல்லும். பழைய ஈயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். நான்கு முனை மங்கி ஒன்று மட்டும் கண்ணாடி போல மின்னினால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். 1962 கிட்டார் என்று சொல்லி விற்கும் ஒன்றுக்குள் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால், விற்பவரிடம் சண்டை போட வேண்டாம். விலையைப் பேசுங்கள்.

திருகினால் கரகர

எளிய கோளாறு. பினாங்கின் ஈரத்தில் ஆறு மாதம் தொடாமல் வைத்தாலே வரும். பாட்டின் முனைகள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன வாய் தெரியும், அதற்குள் கான்டாக்ட் கிளீனரைச் சற்றே அடித்து, முழு வட்டமாக முப்பது நாற்பது தடவை திருகுங்கள். பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். பிசுக்கு விட்டுத் தூசியைப் பிடிக்கும்.

திருகாமலே, கேபிளை ஆட்டினால் கரகரத்தால் அது ஜாக். அதன் நாக்கைக் கொஞ்சம் உள்ளே வளைத்து, மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்தால் போதும்.

இதற்கெல்லாம் அடங்காத பாட்டை மாற்றலாம். ஒற்றைச் சுருளுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது பொது வழக்கம். கழற்றிய பாட்டைப் பைக்குள் போடுங்கள், குப்பைத் தொட்டிக்குள் வேண்டாம். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு சோகக்கதை இருக்கிறது.

ஓயாத ‘ம்ம்ம்’

மூன்று தொடுதலில் கண்டுபிடிக்கலாம். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள் இணைப்பு சரி. உங்கள் உடம்புதான் ஆண்டெனாவாக இருந்தது. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது, தந்தியைத் தொட்டால் குறையவில்லை என்றால் பிரிட்ஜ் கம்பி விட்டுப்போயிருக்கிறது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் ஏறினால் ஜாக்கில் இரண்டு கம்பியும் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் ஒற்றைச் சுருள் பிக்கப் முனகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதைக் காற்றிலிருந்தே பிடிக்கும் சாதி அது. கிட்டாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் அடங்கும். டியூப் லைட்டையும் விசிறி ரெகுலேட்டரையும் அணைத்துப் பாருங்கள். உள்குழியில் செம்புத் தாள் ஒட்டினால் ‘ட்ர்ர்’ என்கிற கூர்மையான இரைச்சல் போகும், ‘ம்ம்ம்’ முழுக்கப் போகாது. அறுபது வருட கிட்டாருக்குள் பசைத்தாள் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை.

இந்த முனகலை ஒழிக்கத்தான் கிப்சனில் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து ஹம்பக்கர் செய்தார். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-ல் கிடைத்தது. இடைக்காலத்தில் பிக்கப்பின் அடியில் ‘பேட்டன்ட் அப்ளைடு ஃபார்’ என்று சின்னக் கறுப்பு ஸ்டிக்கர். அந்த பிக்கப் இன்றைக்குத் தங்கம். அதனாலேயே ஸ்டிக்கர் மட்டும் தனியாக அச்சடித்து விற்கிறார்கள். ஸ்டிக்கரைச் சான்றாக எடுக்காதீர்கள்.

சத்தம் ஏற்றினால் கீச்சென்று கத்துகிறது

பிக்கப்பைத் திருகு முனையால் தட்டினால் மைக் போல ‘டொக் டொக்’ என்று பெரிதாகக் கேட்கிறதா? சுருள் தளர்ந்திருக்கிறது. பாரஃபின் மெழுகோடு சிறிது தேன்மெழுகு கலந்து, 65 பாகைக்குள் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி, அதில் பிக்கப்பை முக்கி எடுப்பது மருந்து. அடுப்பில் நேரடியாக வைத்தால் தீப்பிடிக்கும். பழைய மதிப்புள்ள பிக்கப்புக்கும் தங்கத்தாள் முகம் வைத்த ஜப்பான் பிக்கப்புக்கும் இதைச் செய்யாதீர்கள். அந்த லேசான கத்தலில்தான் அவற்றின் குரலே இருக்கிறது. ஆம்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

தங்கத்தாள் என்றதும் ஒரு செய்தி. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துப் பக்கம் ஜப்பானின் டெய்ஸ்கோ தங்கத்தாள் பிக்கப்பைப் பொருத்தி வாசித்த பிறகு, மலிவுக் கிட்டாரின் இந்த பிக்கப்புக்குத் தனிச் சந்தை வந்துவிட்டது. லோரோங் கூலிட் சந்தையில் பிக்கப் குழி காலியாக ஒரு கிட்டார் கிடந்தால் காரணம் அதுதான். கண்ணைப் பிடுங்கி விற்றுவிட்டு ஆளைத் தெருவில் விடுகிற வேலை. எனக்குப் பிடிக்காது.

தந்தி எட்டாத உயரத்தில், அல்லது ஃபிரெட்டில் பட்டு இரைகிறது

நம் ஊரில் இதுதான் பெரிய வியாதி. காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கும் தீவில், இரவெல்லாம் ஏர்கான் அறையிலும் பகலில் மூடிய காரிலும் வாழ்கிற மரம் நேராக எப்படி நிற்கும்?

முதலில் நெக்கைப் பாருங்கள். தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பதினேழாவது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். தந்தியே அளவுகோல். எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் 0.2, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பெயர் அட்டை நுழையும் இடம் இருந்தால் நெக் நலம். அதைவிட அதிகம் என்றால் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லை என்றால் பின்னால் வளைந்திருக்கிறது. திறந்த தந்தியும் முதல் நாலைந்து ஃபிரெட்டும் இரைவது இதனால்தான். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் இரைந்தால் அடுத்த ஃபிரெட் கிளம்பியிருக்கிறது என்று பொருள்.

டிரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், திருகி வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இருந்தால் முன்வளைவுக்கு வலம், பின்வளைவுக்கு இடம். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும், பிறகு ஒரு நாள் விட்டுவிடுங்கள். வலமாகத் திருகுமுன் தந்தியைத் தளர்த்துங்கள். திருகாமல் முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள். உள்ளே முறிந்தால் கதை முடிந்தது. பழைய ஃபெண்டரில் ராட்டின் முனை நெக்கின் அடிப்பக்கம் இருக்கும், நெக்கைக் கழற்றித்தான் திருக வேண்டும்.

ராட் இல்லாத நெக்கும் உண்டு. தம்பியின் கிட்டார் பின்னால் நெக் தகட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்’ என்று குத்தியிருந்தது. இரும்பு வைத்துக் கட்டியது, ஆனால் திருக ஒன்றும் கிடையாது. அங்கே வழி வேறு. நெக் ஓரளவு நேராக, பிரிட்ஜும் அடிவரை இறங்கி, அப்படியும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் கோணம்தான் தப்பு. நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிரிட்ஜுக்கு அருகான ஓரத்தில் அரை மில்லிமீட்டர் மரச்சீவல் ஒன்று வையுங்கள். தலை பின்னால் சாயும், தந்தி இறங்கும். அட்டை வைக்காதீர்கள், நம் ஈரத்தில் ஊறிவிடும். 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வந்தால் வாசிக்கச் சுகம்.

நெக் கழன்ற இந்த நிமிடம்தான் அடையாளம் காண்பதற்குப் பொன்னான நேரம். ஃபெண்டர் நெக்கின் அடிக்கட்டையில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கும். குழிக்குள் வெயில் படாத அசல் நிறம் தெரியும். வெளியே கறுப்பு, குழியில் சிவப்பு என்றால் மேலே ஒரு பொய் பூசியிருக்கிறார்கள். மரத்தையும் பாருங்கள். மலிவு ஜப்பான் கிட்டார்களில் பலவற்றின் உடல் லாவான், அதிலும் பல ஒட்டுப்பலகை. லாவான் நம் மெராந்தியின் பங்காளி. தென்கிழக்காசியக் காட்டு மரம் ஜப்பான் போய் கிட்டாராகிக் கடைசியில் ஆயர் ஈத்தாமில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சுருதி நிற்கவில்லை

எல்லோரும் டியூனரைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட், அதாவது தலைக்கும் நெக்குக்கும் நடுவே தந்தி உட்காரும் பள்ளக் கட்டை. டியூன் செய்யும்போது ‘டிக்’ என்று குதித்தால் தந்தி நட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். டியூனரில் தந்தி இரண்டு மூன்று சுற்று இறுக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கட்டும்.

திறந்த தந்தி சரி, மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது என்றால் பிரிட்ஜின் இடம். பன்னிரண்டாம் ஃபிரெட்டை அழுத்திய ஒலி, அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) ஏறியிருந்தால் பிரிட்ஜைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பழைய ஜப்பான் கிட்டார் பலவற்றில் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். துடைக்கும்போது நகர்த்திவிட்டு ‘நெக் போச்சு’ என்று கொண்டுவருகிறார்கள்.

பெயர் பெரிதாக இருக்கிறது, மனம் ஒப்பவில்லை

இதுவும் ஒரு நோய்க்குறிதான்.

1961-ல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துப் போன பின் இங்கே மூலைக்கு மூலை கிட்டார்க் குழு. மலாய்க்காரர்கள் குகிரான் என்றார்கள், கும்புலான் கித்தார் ராஞ்சாக் என்பதன் சுருக்கம். ஷாடோஸின் ஹேங்க் மார்வின் கையில் இருந்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எல்லோருக்கும் கனவு. வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஜப்பான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டருக்கு முன் மார்வினே வாசித்த ஆன்டோரியா, ஜப்பானின் குயாடோன் செய்ததுதான்.

அதனால் அந்தக் காலத்துச் சிவப்பு கிட்டாரின் தலையில் பின்னால் யாரோ ஃபெண்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது சகஜம். வரிசை எண்ணைப் படியுங்கள். ஃபெண்டரில் எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து தலையில் எஸ் எழுத்தும் எண்ணும்; எண்பதுகளுக்கு ஈ. அடுத்து வரும் இலக்கம் ஆண்டின் கடைசி எண், ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம். ஜே.வி என்று தொடங்கினால் 1982 முதல் 1984 வரையான ஜப்பான் ஃபெண்டர், கண்டால் விடாதீர்கள். கிப்சனில் 1977 முதல் எட்டு இலக்கம்: முதலும் ஐந்தாவதும் ஆண்டு, நடுவில் மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள். 80454321 என்றால் 1984, நாற்பத்தைந்தாம் நாள், பிப்ரவரி 14. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ஜப்பான் ஐபனீஸில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. எச்79 என்றால் 1979 ஆகஸ்ட்.

கிப்சன் பெயரில் வரும் போலிகளுக்கு ஒரு விரைவுச் சோதனை: தலையில் டிரஸ் ராட்டை மூடும் பிளாஸ்டிக்கில் எத்தனை ஸ்குரூ? அசலில் வழக்கமாக இரண்டு. மூன்று இருந்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

பெயரே இல்லாத ஜப்பான் கிட்டாருக்கு வரிசை எண் உதவாது. ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் செய்து அனுப்பியது. டெய்ஸ்கோவையே 1967-ல் கவாய் வாங்கிவிட்டது. அங்கே சாய்வு ஸ்விட்ச், கோடு போட்ட உலோக முகத்தகடு, தங்கத்தாள் பிக்கப், நெக் தகட்டு எழுத்து இவற்றைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். தம்பியின் கிட்டாரில் நான்கும் இருந்தன. டெய்ஸ்கோ குடும்பம், அறுபதுகளின் நடுப்பகுதி என்று எழுதிக் கொடுத்தேன்.

பிசுபிசுப்பு, பூஞ்சை, மாவு

பூஞ்சை என்றால் லேசாக ஈரமாக்கிய துணி, உடனே உலர்ந்த துணி. பிசுக்குக்கு லைட்டரில் ஊற்றும் திரவம் துணியில் இரண்டு சொட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து. ஃபிரெட் துருவுக்கு மிக மெல்லிய இரும்பு நார் நல்லதுதான், ஆனால் பிக்கப்புகளை டேப்பால் மூடிவிட்டுச் செய்யுங்கள். காந்தம் நாரைப் பிடித்து உள்ளே இழுத்தால் வெளியே எடுப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

ரப்பர் ஸ்டாண்ட் பட்ட இடம் மட்டும் இளகிப் பள்ளமானால் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். உறுதிப்படுத்த, முகத்தகட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு வையுங்கள். கரைந்தால் நைட்ரோ, கரையாவிட்டால் பாலி. ஃபெண்டர் அறுபதுகளின் கடைசியில் தடித்த பாலியெஸ்டருக்கு மாறியது, ஆகவே இதுவும் வயதுக்கு ஒரு சாட்சி.

ஊசித் துளையும் கீழே மாவும் கண்டால் மரவண்டு. கறுப்புத் தாள் மேல் ஒரு வாரம் வையுங்கள். புது மாவு உதிர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மற்ற கிட்டார்களிடமிருந்து பிரித்து, மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைக்குள் மட்டும் விடுங்கள்.

நிறம் மங்கியிருக்கிறது என்பது கோளாறு இல்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு மாமாவிடமிருந்து ஒரு பழைய கிட்டார் என் கைக்கு வந்தது. இருபது வயது, கையில் உப்புத்தாள், மனத்தில் கறுப்பு பெயிண்ட். இரண்டு நாளில் தேய்த்து, தலையில் இருந்த எழுத்தையும் சேர்த்தே சுரண்டி, கண்ணாடி மாதிரி அடித்துவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு பழைய படத்தில் அதே தலை வடிவத்தைப் பார்த்தபோதுதான் அது மேட்டன் என்று தெரிந்தது. மெல்போர்னில் 1946-ல் தொடங்கிய கம்பெனி. இன்னும் வைத்திருக்கிறேன், இன்னும் கறுப்பாக. பழைய ஃபெண்டர், கிப்சன் சந்தையில் மறுபூச்சு அடித்தாலே மதிப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்பது கைவழக்கு.

கடைசிக் கேள்வி, எவ்வளவு வரும்?

இணையத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். கேட்பதற்குக் காசா பணமா. அசல் பாகம் எத்தனை, பூச்சு அசலா, நெக் நேரா, வாசிக்க முடிகிறதா என்று இந்த வரிசையில் கழித்துக்கொண்டே வாருங்கள். வெளிநாட்டுக்கு விற்பதானால் ஃபிரெட்போர்டு மரத்தையும் கவனியுங்கள்: பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அறுபதுகளின் முற்பாதி ஃபெண்டர், கிப்சன்களில் அது வரும்.

தம்பிக்குச் சொன்னேன்: கார் வாங்கும் காசு வராது. நல்ல புது கிட்டார் ஒன்று வாங்கலாம், ஆனால் அதில் இந்தக் குரல் இருக்காது. ஆம்பில் செருகி நானே இரண்டு வரி வாசித்துக் காட்டினேன். விற்கும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. கரகரப்பு அடங்காத ஒரு பாட்டை மாற்றி, பழைய பாட், அறுந்த ஜாக் கம்பி, துருப்பிடித்த இரண்டு ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் கொடுத்தேன். ‘இதுவும் கிட்டார்தான், பத்திரம்’ என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அழைப்பு. “அங்கிள், அந்தப் பையை அம்மா குப்பைன்னு வீசிட்டாங்க.”

இப்போதெல்லாம் பழைய பாகங்களைக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, டேப் போட்டு ஒட்டித் தருகிறேன். பையின் மேல் தடித்த பேனாவில் தமிழிலும் மலாயிலும்: குப்பை இல்லை, வீசாதீர்கள்.